வாயிலடைத்துச் சமைத்தவை: கிழக்கேகோட்டை அடுக்களையும் சிக்கனத்தின் வரலாறும்

வறுமையில் வாடிய ஓர் அடுக்களையைத் தமிழிலக்கியம் நெருங்கி நின்று காட்டும் இடங்களுள் முதன்மையானது சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. சிதலரித்த சுவர், காளான் பூத்த அட்டில், பால் வற்றிய தாய்நாயின் குரைப்பு ஆகியவற்றுக்கு நடுவே கிணைமகள் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியின்றி வேகவைக்கின்றாள். பின்னர், பிறர் கண்ணிற் படுமே என நாணி வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு இருந்து உண்கின்றாள். இப்பகுதியை விளக்குவோர் உப்பின்மையை வறுமையின் உச்சமாகக் காட்டுவது வழக்கம். ஆயின் உணவு வரலாற்றை ஆராய்வோர்க்கு உப்பைக் காட்டிலும் அடைத்த வாயிலே முதன்மையானது. கையில் உள்ளதைக் கொண்டு குடும்பத்தின் பசியாற்றிய பெண்களின் அறிவு ஏன் ஏட்டில் ஏறவில்லை என்னும் வினாவுக்கு அவ்வாயில் ஒரு விடை தருகின்றது.

அவ்விடையைத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் சிக்கனச் சமையலில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். இங்கு இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கோட்டை வாயிலுக்கு உட்புறம் அரசும் கோயிலும் நடத்திய பேரூட்டும், வெளிப்புறம் அங்காடியும் கூலியாட்களின் பசியும் என இரண்டு உணவுலகங்கள் சில நூறு அடித் தொலைவில் அருகருகே இயங்கிய இடம் இது.

கோட்டையும் அங்காடியும்

கிழக்கு வாயிலுக்கு உள்ளே பத்மநாபசுவாமி கோயில், பத்மதீர்த்தம், அக்கிரகாரத் தெருக்கள் ஆகியன உள்ளன. வெளியே பழவங்காடியும் சாலைத் தெருவும். பழவங்காடி என்பதற்குப் பழைய அங்காடி என்றே பொருள் கொள்வர். மதுரைக்காஞ்சி கூறும் நாளங்காடி, அல்லங்காடி என்பவற்றின் அங்காடி, தமிழகத்து ஊர்களிற் பெரும்பாலும் கடைவீதி, சந்தை, மார்க்கெட் என மாறிவிட, இங்கே பேருந்து நடத்துநர் கூவும் ஊர்ப்பெயரில் அன்றாடம் ஒலிக்கின்றது. அதற்குப் பின்னர் எழுந்த சாலைக் கடைவீதியை நிறுவியவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ். தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய காலத்தில், புதிய தலைநகரின் வயிற்றுக்கு வேண்டுவன அனைத்தும் ஓரிடத்திற் கிடைக்கச் செய்த ஏற்பாடு அது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்ற நாஞ்சில் நாட்டின் விளைச்சல் இத்தலைநகரையும் ஊட்டியது.

கோட்டைக்குள் ஊட்டின் அடையாளம் ஊட்டுப்புரை. அந்தணர்க்கு விலையின்றி உணவளித்த இந்நிலையங்களைக் கருதியே திருவிதாங்கூர் ‘தர்மராஜ்யம்’ எனப்பட்டது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் 1871இல் வெளியிட்ட தம் நூலுக்கு ‘தருமபூமி’ என்னும் பொருள்படப் பெயரிட்டு, அத்தருமம் யாருக்கு உரியதாக இருந்தது என்பதனையும் உள்ளே சுட்டினார். ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடைபெறும் முறைசெபம் இவ்வூட்டின் உச்சம். ஆயின் ஊட்டுப்புரையின் அண்டாக்களை வைத்துக் கோட்டைக்குள் வாழ்ந்த எல்லா வீடுகளும் செழிப்பில் இருந்தன எனக் கொள்வது பிழை. ஊட்டுப்புரை ஆண்டுமுழுதும் எல்லார்க்கும் அடுப்பெரிக்கவில்லை. கோயிற் பணியாளர், சிறு எழுத்தர், கைம்பெண்கள் ஆகியோரின் வீடுகளில் கட்டும் செட்டுமே ஆட்சி செய்தன.

அவியற் கதையும் அரசனின் சாட்சியும்

அவியலின் தோற்றம் பற்றித் திருவனந்தபுரத்தில் வழங்கும் கதை யாவரும் அறிந்ததே. முறைசெப ஊட்டின்போது ஒருநாள் காய்கறி போதாமற்போக, மிச்சம் மீதியாகக் கிடந்த துண்டங்கள் அனைத்தையும் ஒன்றாக வேகவைத்துத் தேங்காய் அரைத்துச் சேர்த்ததில் இக்கறி பிறந்தது என்பர். விராடன் மடைப்பள்ளியில் வீமன் ஆக்கியது என்பது மற்றொரு கதை. இவ்விரண்டையும் வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. கதையின் அமைப்பே நோக்கத்தக்கது. மிச்சக் காய்களை ஒன்றாக்கி ஒரு கறி ஆக்குவது எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் எண்ணிச் செய்யக்கூடியது. எனினும் அதனைச் சொல்ல முற்படும் மரபு, இரு கதைகளிலும் அதனை அரசனின் அடுக்களைக்குக் கொண்டுசென்று ஓர் ஆணின் கையில் ஒப்படைத்துவிடுகின்றது. சிக்கனம் மதிப்புப் பெற அரசன் சாட்சியாக வேண்டியிருக்கின்றது.

அரண்மனைக் கதை எதுவும் வாய்க்காத கறிகள் வேறு உண்டு. ஓணத்துக்கு நேந்திரங்காய் உப்பேரி வறுத்தபின் எஞ்சும் தோலை எறிவதில்லை. பொடியாக அரிந்து, கறை நீங்க மஞ்சள் நீரில் இட்டு, வன்பயற்றோடு வேகவைத்துத் துவரனாக்குவர். சக்கைப்பழத்தில் சுளை வரட்டிக்கும் பிரதமனுக்கும், கொட்டை எரிசேரிக்கும் கூட்டுக்கும், மடல் பசுவுக்கும் எனப் பங்கிடப்படும். சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறிய சக்கைவரட்டி பரணியில் மாதக்கணக்காகக் கெடாதிருந்து, பழமில்லாத மழைக்காலத்தில் குழந்தைகளுக்குத் தின்பண்டமாகும். இங்குச் சர்க்கரை என்பது வெல்லமே. தமிழகத்தில் அச்சொல் வெள்ளைச் சீனிக்குப் பெயர்ந்து, சர்க்கரைப் பொங்கல் என்னும் தொடரில் மட்டும் பழம்பொருளைக் காத்துநிற்க, இவ்வட்டாரத் தமிழிலோ பழம்பொருள் முழு உயிரோடு வழங்குகின்றது.

துவரன் என்ற சொல்லும் சிறிது நின்று நோக்குதற்குரியது. நாஞ்சில் நாட்டார் துவரன் என்பதனை மலையாளத்தார் தோரன் என்பர். உடல் துடைக்கும் துண்டை முன்னவர் துவர்த்து என்ன, பின்னவர் தோர்த்து என்பர். ஈரம் போக்குதலைக் குறிக்கும் துவர்த்துதல் என்னும் வினையோடு இவ்விரண்டையும் இணைத்துக் காணின், நீர்வற்ற வதக்கிய கறிக்குத் துவரன் என்னும் பெயர் பொருந்துவது விளங்கும். தோரனை மலையாளச் சொல் எனக் கருதிக் கட்டுரைகளில் சாய்வெழுத்தில் இடும் நம் வழக்கத்தைச் சற்று மறுபரிசீலனை செய்யலாம்.

மரச்சீனி: கிழங்காகவும் மணியாகவும்

சிக்கனச் சமையலின் வரலாறு முழுமையும் ஒரு பொருளில் திரண்டு நிற்பதைக் காணவேண்டின் மரச்சீனியையே காணவேண்டும். மரவள்ளி, குச்சிக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு எனத் தமிழகத்தில் வட்டாரந்தோறும் பெயர் மாறும் இக்கிழங்கு தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. போர்த்துகீசியர் வழியே மலையாளக் கரையை அடைந்தது. திருவிதாங்கூரில் இதனைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா. தாது ஆண்டுப் பஞ்சம் எனப்படும் 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் தென்னிந்தியாவை வாட்டி ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கிழங்கு நஞ்சுடையது என அஞ்சிய மக்களின் ஐயம் நீங்க, அரண்மனையிற் சமைப்பித்து அரசரே உண்டு காட்டினார் எனக் கூறுவர். அவியற் கதையின் அமைப்பே இங்கும் திரும்ப வருவதைக் காணலாம்.

மக்களின் அச்சம் மூடநம்பிக்கை அன்று. மரச்சீனியில் உள்ள லினமாரின் என்னும் பொருள், கிழங்கு நறுக்கப்படும்போது அதிலுள்ள நொதியால் சிதைந்து சயனைடை வெளிப்படுத்தும். கசப்பு வகைகளில் இது மிகுதி. இதற்கு அடுக்களை கண்ட வழி எளியது. மேல்தோலையும் அதன் கீழுள்ள தடித்த பட்டையையும் உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை முழுதும் வடித்துவிடுவர். கஞ்சி வடித்த நீரையும் வீணாக்காமல் உப்பிட்டுக் குடிக்கும் வீடுகளில், மரச்சீனி வெந்த நீரை மட்டும் எவரும் தொடுவதில்லை. எதனைச் சேமிப்பது என்பதோடு எதனைக் கொட்டுவது என்பதும் சிக்கனத்தின் இலக்கணத்தில் அடங்கும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது 1963இல். அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இவ்வழி நடைமுறையில் இருந்தது. அரசர் உண்டு காட்டினார் என்னும் கதை வாழ்கின்றது. முதலில் நீரை வடித்துக் கொட்டியவள் யாரெனக் கதை இல்லை.

கோட்டைக்கு வெளியே மரச்சீனி விரைவிற் சோற்றின் இடத்தைப் பிடித்தது. சாளை மீன் குழம்போடு உண்ணப்படும்போது அதன் குறை ஓரளவு ஈடாயிற்று. ஏனெனில் நூறு கிராம் மரச்சீனியில் புரதம் ஒரு கிராமைச் சிறிதே விஞ்சும். அரிசியில் அது ஆறேழு கிராம். மீன் புகாத அடுக்களைகளுக்கு அவ்வாய்ப்பில்லை. அங்குக் காந்தாரி மிளகாயும் உள்ளியும் புளியும் சேர்த்து அரைத்த துவையலே துணை. அது நாவுக்கு உதவுமேயன்றி உடலுக்குப் பெரிதும் உதவாது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. தன் தேவையிற் பாதியளவு அரிசியையும் விளைவிக்க இயலாது பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூருக்கு இது பேரிடியாக இறங்கியது. பங்கீட்டு அரிசி போதாமல் மரச்சீனியே உணவாகிய குடும்பங்கள் பல. கே. ஜி. சிவசுவாமியும் உடன் ஆய்வாளர்களும் 1943–44ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் நேரில் ஆராய்ந்து 1945இல் வெளியிட்ட நூல், இக்காலத் திருவிதாங்கூரைப் பற்றி ஆராய்வோர் தவிர்க்கலாகாதது. சிக்கனம் என்னும் சொல்லை எண்ணிப் பயன்படுத்தக் கற்றுத்தருவது அந்நூல். இருப்பவர் குறைத்துக்கொள்வது சிக்கனம். இல்லாதவர் அதே கிழங்கை வேகவைத்தால் அதன் பெயர் வேறு.

அதே போரின் மற்றொரு விளைவும் இங்குக் கூறத்தக்கது. மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றமையால், மீன் வணிகத்தின் பொருட்டுக் கேரளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியார், மலேயாவிலிருந்து திரும்பிய போபட்லால் ஷா என்பாரின் துணையோடு 1943இல் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார் என அத்தொழிலின் வரலாறு கூறும். பனையினச் சோற்றிலிருந்து வந்த பழைய ஜவ்வரிசியின் இடத்தை மரவள்ளி ஜவ்வரிசி பிடித்துக்கொண்டது. இதனாற் கோட்டைக்குள் நேர்ந்தது சுவையானது. சிராத்தத்தில் அயற்காய்களை விலக்கும் ஆசாரமுடைய வீடுகளில் கிழங்கென்னும் வடிவில் பின்கட்டோடு நின்றுவிட்ட மரச்சீனி, வெண்மணியென்னும் வடிவிற் பாயசமாகவும் வடாமாகவும் கூடத்து இலைக்கு வந்து சேர்ந்தது. பொருள் ஒன்றே, வாயில்தான் வேறு.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

இவ்வட்டாரத்துத் தமிழ்ப் புனைகதை இவ்வகையில் நமக்குப் பெருந்துணை. கோயிலைச் சூழ்ந்த தெருக்களைக் களமாகக் கொண்ட நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ (1970), சாலைத் தெருவிலேயே கடை நடத்தி அத்தெருவின் மாந்தரையே எழுதிய ஆ. மாதவனின் கதைகள் ஆகியவற்றைக் கோட்டையின் உட்புறம், வெளிப்புறம் என அடுத்தடுத்து வைத்துப் படிப்பது பயன்தரும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951) போன்ற சமையல் நூல்களின் பணி வேறு. ஒரு பண்டத்தைச் செய்யும் முறையை அவை கூறும். எது கிடைக்காதபோது அப்பண்டம் அடுப்பேறியது என்பதனை அவற்றில் தேட இயலாது. நோக்கம் அதுவன்று என்பதால் அதனைக் குறையாகவும் கூறுவதற்கில்லை.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நாஞ்சில் நெல்லும் கோட்டையும் இருவேறு மாநிலத்தனவாயின. கோட்டைத் தமிழர்க்கு அது மொழியிலும் நேர்ந்த பிரிவு. துவரன், சக்கை, மரச்சீனி, காந்தாரி என்னும் இச்சொற்களைத் தமிழகப் பாடநூல் தமிழ் அறியாது. மலையாளமோ தன்னுடையன என்று கொள்ளும். இன்று அக்கிரகார வீடுகள் பல விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறியுள்ளன. எழுபது வயதைக் கடந்த பெண்களிடமே இச்சொற்றொகுதி முழுமையாக எஞ்சியுள்ளது. துறை மாணவர்கள் கள ஆய்வுக்கெனக் காணிக்காரர் குடியிருப்புகளை நாடி மலையேறுகின்றனர், வேண்டிய பணிதான். ஆயின் நகரப் பேருந்தில் அரைமணியில் அடையக்கூடிய இவ்வடுக்களைகளையும் அவர்கள் நாடவேண்டும். அதற்குக் காலம் மிகுதியாக இல்லை.

இக்கட்டுரைக்காகக் கோட்டைக்குள் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தபோது, மாடியில் பழைய வேட்டி விரித்து ஜவ்வரிசி வடாம் காயவைத்திருந்தனர். கிளம்பும்போது ஒரு பொட்டலம் கட்டியும் கொடுத்தனர். மரச்சீனியைக் கிழங்காகவும் சமைப்பதுண்டா என வினவினேன். அவ்வீட்டு மூதாட்டி சிறிது தயங்கி, “பண்ணாம என்ன? ஆத்து மனுஷா மட்டும் இருக்கறச்சே பண்ணுவோம். வந்தவாளுக்குப் போடமாட்டோம்” என்றார்.