களிமண்ணில் விழுந்த குண்டு

போன வாரம் பேரன் புது பைக்கில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போய் வந்தான். "அறுபதுல போக வேண்டிய இடத்துல எண்பதுல போனேன் தாத்தா, இருபதுதானே கூட" என்றான். அந்த இருபதுக்கு ஒரு பழைய கதை உண்டு.

ஓடும் பொருளின் விசையை எப்படிக் கணக்கிடுவது என்று ஐரோப்பாவில் நெடுநாள் சண்டை. எடையை வேகத்தால் பெருக்கினால் போதும் என்றது தெக்கார்த் கட்சி. இல்லை, வேகத்தை வேகத்தாலேயே இன்னொரு முறை பெருக்க வேண்டும் என்று 1686-இல் எழுதினார் ஜெர்மானியரான லைப்னிட்ஸ். பிரெஞ்சில் இதற்கு 'ஃபோர்ஸ் வீவ்' என்று பெயர். உயிருள்ள விசை.

1722-இல் ஹாலந்தின் லெய்டன் நகரப் பேராசிரியர் ஸ்கிராவெசாண்டே, பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் போட்டுப் பார்த்தார். நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழும் குண்டு இரண்டு மடங்கு வேகத்தில்தான் தரையைத் தொடும். பள்ளமோ நான்கு மடங்கு! அவர் அதுவரை எதிர்க்கட்சிக்காரர். கண்ணால் கண்டதும் மாறிக்கொண்டார். (குறிப்பு எழுதிய பிறகு கருத்தை மாற்றிக்கொண்ட அதிகாரி ஒருவரையும் என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.)

இதைப் பிரெஞ்சு வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவர் ஒரு பெண்மணி, எமிலி து ஷாத்லே. குண்டு போட்டதே அவர்தான் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. அந்தச் சோதனையின் பொருளைப் புரிந்துகொண்டு, 1740-இல் வந்த தம் இயற்பியல் நூலில் லைப்னிட்ஸ் பக்கம் நின்று வாதாடினார். பாரிஸ் விஞ்ஞானக் கழகச் செயலாளர் மேரான் எதிர்த்து எழுத, அடுத்த வருஷமே அச்சில் பதில் கொடுத்தார். 1749-இல், பிள்ளை பெற்ற சில நாட்களில், 42 வயதில் காலமானார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரை வொல்தேரின் சிநேகிதி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பிரேக் செய்வதும் களிமண் செய்த வேலைதான். பிரான்சில் வண்டி ஓட்டக் கற்பவர்களுக்கு ஒரு மனக்கணக்கு சொல்லித்தருவார்கள். வேகத்தின் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, மிச்சத்தை அதாலேயே பெருக்கு. 50 என்றால் 25 மீட்டர், 100 என்றால் 100 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் நேரமும் அதில் அடக்கம். தோராயம்தான். மழை என்றால் பாதி கூட்டிக்கொள்ள வேண்டும்.

பேரனுக்காகப் பழைய டைரியின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். 60-இன் வர்க்கம் 3600. 80-இன் வர்க்கம் 6400. ஒரே இடத்தில் இருவரும் பிரேக் பிடிக்கிறார்கள். அறுபதில் வந்தவன் மாட்டின் மூக்கருகே நின்றுவிட்டான். எண்பதில் வந்தவனிடம் அதே இடத்தில் 2800 மிச்சம். அதற்கு வர்க்கமூலம் எடு என்றேன். போனில் தட்டிப் பார்த்தான். ஏறக்குறைய 53.

"அந்த வேகத்துலயா மாட்டுமேல மோதுவேன்?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மா என்ன வண்டி ஓட்டினாங்க தாத்தா?" என்று கேட்டான்.

குதிரை வண்டிக் காலம்டா அது.