காவும் சோலையும்

தமிழருக்குப் பூங்கா புதிதன்று. கா, பொழில், தண்டலை, சோலை என அதற்கு எத்தனையோ பெயர்களை வைத்தவர்கள் நம் முன்னோர். மணிமேகலை மலர் கொய்யச் சென்ற உவவனம் புகார் நகரத்துப் பூங்காவே. ஆயினும், கட்டணம் செலுத்தி நுழைந்து, பெயர்ப்பலகைகளைப் படித்து, மலரைத் தொடாமலே திரும்பும் பூங்கா ஆங்கிலேயர் நமக்கு அறிமுகப்படுத்தியது. அத்தகையதொன்று அய்யம்பாளையத்திற்கு மேற்கே, பழனிமலைத் தொடரின் மேல், கொடைக்கானலில் உள்ளது.

1821இல் வார்டு என்னும் இராணுவ அதிகாரி இம்மலையை அளக்க வந்தார். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் சமவெளியின் வெப்பத்திற்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி இங்கே வீடு கட்டிக் குடியேறினர். மதுரை ஆட்சியர் லெவிஞ்சு 1863இல் நீரோடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். அந்த ஏரியின் கிழக்கே, ஏறத்தாழ 20 ஏக்கரில், மதுரையைச் சேர்ந்த வன அதிகாரி எச். டி. பிரையண்ட் 1908இல் அமைத்த பூங்காவே இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1908 என்பதை இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மலைப்பாதை முற்றுப்பெற்றது 1914இல்தான். அதுவரை அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்தில் இறங்கியவர்கள் மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ மேலேறினர். டோலியைத் தோளில் சுமந்தவர் நம்மவர். பூங்காவிற்கு வேண்டிய பொருள்கள் சமவெளியிலிருந்து வந்திருப்பின், அவையும் அவ்வழியேதான் ஏறியிருக்க வேண்டும். அதிகாரியின் பெயர் நிலைத்தது. குழி வெட்டியோர், சுமை தூக்கியோர் பெயர் எப்பலகையிலும் இல்லை.

இன்று தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் உள்ள இப்பூங்காவில் 325 வகை மரஞ்செடிகளும் 740 வகை ரோஜாக்களும் உள்ளனவெனக் கணக்கிட்டுள்ளனர். கண்ணாடி மாளிகையில் குளிருக்கு ஒதுங்கிய செடிகளைக் காணலாம். நாற்றங்காலும் உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடைபெறும். அம்மாதத்தில் பூக்க வேண்டிய நாற்றுகளைப் பல மாதங்களுக்கு முன்பே, நடுங்கும் குளிரில், தோட்டத் தொழிலாளர் நட்டு முடித்துவிடுகின்றனர். 1857ஆம் ஆண்டினதென்று சொல்லப்படும் தைல மரமொன்றும் இங்கே நிற்கிறது. அக்கணக்கு சரியாயின், ஏரிக்கும் பூங்காவுக்கும் அது மூத்தது!

அம்மரம் ஆஸ்திரேலிய இனம். அதன் உறவினரும் சீகை மரங்களும் பைன்களும் பின்னர் இம்மலையின் புல்வெளிகளில் பரவலாக நடப்பட்டன. பள்ளத்தாக்கு மடிப்புகளில் பசுமை குன்றாது நின்று, மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்குத் தந்த இயற்கைக் காடுகளும் சுருங்கின. அக்காடுகளுக்கு உலகத் தாவரவியலார் வழங்கும் பெயர் 'சோலா'. அது நம் சோலையே. சொல் கடல் கடந்து ஆய்வேடுகளில் வாழ்கிறது. பொருளோ பிறந்த மலையில் இடம் இழந்து வருகிறது. பூங்காவின் அழகை யாரும் மறுப்பதற்கில்லை. எனினும், மலை காண வந்தவர் ரோஜாவை மட்டும் கண்டு இறங்கிவிடுவது பெருங்குறையே.

ஐந்திணையுள் மலைக்குப் பெயர் தந்த குறிஞ்சிக்கு மலர்ப்பாத்தியும் வேண்டுவதில்லை, கண்காட்சி நாளும் தெரியாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புல்வெளிச் சரிவுகளில் தானே பூக்கிறது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்த முறை 2030.