ரயிற்பெட்டியில் ஒரு விஞ்ஞான விவாதம்

விஞ்ஞானத்தின் வரலாறு ஆய்வுகூடத்தில் மட்டும் எழுதப்படுவதன்று. வேலைக்கு விரையும் மக்கள் நெருக்குண்டு நிற்கும் ரயிற்பெட்டியிலும் அது எழுதப்படுகின்றது. கைத்தொலைபேசியின் கதிர்வீச்சைக் குறித்து யப்பானில் நிகழ்ந்த விவாதம் இதற்குத் தக்க சான்றாகும்.

டோக்கியோவில் நிலத்தின் விலை உயர உயர, தொழிலாளரும் எழுதுவினைஞரும் புறநகர்களுக்குத் தள்ளப்பட்டனர். தொழிற்சாலையும் காரியாலயமும் ஏறத்தாழ ஒரே வேளையில் அவர்களை அழைத்தன. 1975-இல் அந்நகரின் பிரதான பாதைகளில், காலை வேளை ரயில்கள் தம் கொள்ளளவைப் போல் இருமடங்குக்கு மேற்பட்டோரைச் சுமந்து சென்றன. அந்நெரிசல் இயற்கை விதித்ததன்று; சமுதாய அமைப்பு விளைவித்தது. அது சற்றுத் தணிந்திருந்தும் தீராத 1990-களிலேதான் கைத்தொலைபேசி அப்பெட்டிகளுக்குள் புகுந்தது.

முதலில் அஞ்ச நேர்ந்தவர்கள், இருதயத்துக்கு மின்துடிப்பு ஊட்டும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்தியிருந்த நோயாளர்களே. தொலைபேசியின் அலைகள் மிக அருகில் அக்கருவியின் இயக்கத்தைக் குழப்பக்கூடும் என்பது பரிசோதனையிற் கண்ட உண்மை. எனவே 1997-இல் வெளியான வழிகாட்டி, இரண்டுக்கும் இடையே 22 சென்றிமீற்றர் தூரம் வேண்டுமென்றது. தோளோடு தோள் உரசும் பெட்டியில் அத்தூரத்துக்கு எங்கே போவது? 2003 செப்டெம்பரில் டோக்கியோ வட்டார ரயில் நிறுவனங்கள், முதியோருக்கும் நோயாளருக்கும் ஒதுக்கிய ஆசனங்களின் அருகே தொலைபேசியை அணைத்துவிட வேண்டுமென்னும் பொது விதியைக் கைக்கொண்டன.

இதற்கு முந்திய ஆண்டில், தொஹொகு சர்வகலாசாலைப் பௌதிகவியலாளர் சுயோஷி ஹொண்டோ வேறொரு வினாவை எழுப்பினார். ஒவ்வொரு தொலைபேசியும் அதனை உபயோகிக்கும் ஒருவரைக் கருதியே பரிசோதிக்கப்படுகிறது; உலோகச் சுவர்களுக்குள் பல தொலைபேசிகள் ஒருங்கே இயங்கும்போது, அலைகள் தெறித்துக் கூடிப் பெருகாவோ? அருகில் வாளாவிருக்கும் பயணி அதற்கு ஆளாகானோ? சர்வதேசப் பாதுகாப்பு எல்லையை அது மீறவுங்கூடும் என்றது அவரது கணிப்பு.

மறுப்பு 2003-இல் வந்தது. பயணிகளின் உடல்களே அலைகளை உறிஞ்சிவிடுகின்றன. ஆதலால் நெரிசல் மிகுந்த பெட்டியிலும் ஒருவர் பெறும் அளவு அவ்வாறு குவிந்து எல்லையைத் தாண்டுவதில்லை என ஆய்வாளர் காட்டினர். 2011-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இவ்வலைகளைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்னும் பிரிவிற் சேர்த்தது மெய்யே. எனினும் மனிதரிடையே அதற்குக் கிடைத்த சான்று வரையறுக்கப்பட்டது. அதுவும் பெரும்பாலும் தொலைபேசியைத் தம் செவியில் வைத்து நெடுநேரம் பேசியோரைப் பற்றியது. பக்கத்தில் நின்ற பயணியைப் பற்றியதன்று.

2012-இல் யப்பானில் இரண்டாந் தலைமுறைத் தொலைபேசிச் சேவை முடிவுற்றது. புதிய கருவிகளை மீண்டும் பரிசோதித்தபின், 2013-இல் 22 சென்றிமீற்றர் 15 ஆகக் குறைக்கப்பட்டது. 2015 ஒக்டோபரில் கிழக்கு யப்பானிய ரயில் நிறுவனங்கள், அவ்வாசனங்களின் அருகே ‘நெரிசல் வேளையில் மட்டும்’ அணைத்தாற் போதுமென விதியைத் தளர்த்தின.

இவ்வரலாறு கற்பிப்பது யாது? வினா எழுப்பிய விஞ்ஞானியை எள்ளி நகையாடுவதும் தவறு. அவர் கணிப்பை ஆராயாது பீதி பரப்புவதும் தவறு. வியாபாரியின் உறுதிமொழியும் வதந்தியும் அளவீட்டுக்கு ஈடாகா. மக்கள் கூட்டமாக வாழுமிடத்தில், கூட்டத்தை வைத்தே அளவெடுக்குமாறு கேட்பது அவர்களின் உரிமை.

இறுதி விதியில் எஞ்சி நின்ற சொல்லையும் நாம் கவனித்தல் வேண்டும். தொலைபேசி மாறிற்று, தூரம் குறைந்தது, ‘நெரிசல்’ மட்டும் நீங்கவில்லை. பயணியின் மதிப்பு, அவன் உடலைச் சூழ விடப்படும் இடத்தால் அளக்கப்படுமாயின், அந்த 15 சென்றிமீற்றரைக் கூட அவனுக்கு அளிக்காத ஏற்பாட்டையன்றோ முதலில் விசாரித்தல் வேண்டும்?