வேலியும் பயிரும்

1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பாஜெட், புற்றை விதையாகவும் அது பரவும் உறுப்பை நிலமாகவும் கண்டார். கணையப் புற்றின் நிலத்தை நாம் அறிய நூறாண்டு கடந்தது. 1998-இல் கணையத்தின் விண்மீன் வடிவ உயிரணுக்களைப் பிரித்தெடுத்தனர். புற்றால் தூண்டப்பட்டு, அதைச் சுற்றி நார்த்திசுவை நெய்பவை அவை.

நார் மதிலே மருந்தைத் தடுக்கிறது என்று கருதினோம். 2009-இல் எலிகளில் அதைக் குலைத்தபோது மருந்து கட்டிக்குள் கூடுதலாகச் சென்றது. எலிகளின் ஆயுளும் சற்றே நீண்டது. அவ்வழியில் மருந்து பெற்ற மனிதரோ, பெறாதவரைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தனர். 2012-இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. 2014-இல் காரணம் புலப்பட்டது: நார்த்திசு குறைந்த எலிகளில் புற்று மேலும் மூர்க்கமாயிற்று.

மதிலென்று நாம் இடித்தது, புற்றை அடக்கிய வேலியுமாக இருந்தது. அதனால் இன்றைய ஆய்வு, நிலத்தை அழிப்பதைவிட அதைப் பண்படுத்தவே முயல்கிறது.