'எல்லோரும்' என்பதற்குள் யார்?

ஜப்பானிய மொழி வகுப்பில் நான் கற்ற முதல் வாக்கியம் "மினாசான், கொன்னிச்சிவா". கூடியிருக்கும் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லும் பகல்நேர வணக்கம் அது. 'மினா' என்றால் எல்லோரும். 'சான்' மரியாதை விகுதி. ஆண், பெண் என்ற பிரிவே அதில் கிடையாது. எவ்வளவு சமமான சொல் என்று அன்று வியந்தேன். அந்நாட்டுப் பெண்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்த 'எல்லோரும்' யார் என்ற கேள்வி எழுந்தது.

1880களில் கிஷிதா தொஷிகோ என்ற இளம்பெண், மகள்களைப் பெட்டிக்குள் வைத்ததுபோல் வளர்க்கும் வழக்கத்தை எதிர்த்து மேடைகளில் பேசினார். 1883இல் ஒத்சு நகரில் அப்படிப் பேசியதற்காகக் கைதானார். அரசியல் கூட்டங்களில் பெண்கள் கலந்துகொள்வதையே 1890ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 1900இல் வந்த காவல் சட்டத்தின் 5ஆம் பிரிவு அந்தத் தடையை நீட்டித்தது. பேசுவது மட்டுமல்ல, ஓரமாக உட்கார்ந்து கேட்பதும் குற்றம். அந்த அரங்குகளில் ஒருவர் 'மினாசான்' என்று விளித்திருந்தாலும் அதில் ஒரு பெண்கூட அடங்கியிருக்க முடியாது. சொல் யாரையும் விலக்கவில்லை, சட்டம் விலக்கியது.

ஹிரத்சுகா ரைச்சோ, இச்சிகாவா ஃபுசாயே, ஒக்கு முமேயோ ஆகியோர் புதிய பெண்கள் சங்கம் அமைத்து, இந்தப் பிரிவைத் திருத்தப் போராடினார்கள். 1922இல் பாதி வெற்றி கிடைத்தது: பெண்கள் கூட்டத்துக்குப் போகலாம், கட்சியில் சேரக் கூடாது. வாக்குரிமை போருக்குப் பிறகு, 1945 டிசம்பரில்தான் வந்தது. 1946 ஏப்ரல் 10 அன்று நடந்த தேர்தலில் 39 பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள்.

உள்ளே அவர்களுக்காக வேறொரு விளி காத்திருந்தது. அவையில் உறுப்பினர் பெயரோடு 'குன்' சேர்த்து அழைப்பது மரபு. அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் பையன்களுக்கும் இளைய ஆண்களுக்கும் சேர்க்கும் விகுதி அது. பெண் உறுப்பினர்களும் அவையில் 'குன்' ஆனார்கள். 1993இல் கீழவையின் முதல் பெண் சபாநாயகரான தொய் தகாகோ, உறுப்பினர்கள் அனைவரையும் 'சான்' என்றே அழைத்தார். ஆண்களும் பெண்களும் அன்றாடம் கேட்டுப் பழகிய அதே 'சான்'. அவருக்குப் பின் அவை 'குன்'னுக்கே திரும்பியது. ஓர் எழுத்துக்கூடப் போராடாமல் மாறுவதில்லை. மாறியதும் தானாக நிலைப்பதில்லை.

இப்போது நானே மாலையில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். "மினாசான், கொம்பன்வா" என்று சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குகிறேன். கல்யாணம் முடிந்ததும் வராமல்போன இரண்டு மாணவிகளின் பெயர்கள் இன்னும் என் வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன. வணக்கம் சொல்லி முடித்தவுடன் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் பார்க்கிறேன்.