ஒரு பனியன் கடந்து போகும் உடம்புகள்

திருப்பூருக்குள் வரும்போது அது வெறும் நூல். கோன்களில் சுற்றி, பையில் கட்டி, லாரியில் வந்து இறங்குகிறது. ஒரு பை 50, 60 கிலோ கனக்கும். நிட்டிங் கம்பெனி வாசலில் லாரி நின்றதும் அதை முதலில் தாங்குவது ஒரு முதுகு. லோடுமேன் குனிந்து நிற்கிறார். பின்கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பை வந்து விழுகிறது. முழங்கால் ஒரு தரம் மடங்கி நிமிர்கிறது, நடக்கத் தொடங்குகிறார். அங்கிருந்து கப்பல் ஏறும் வரை ஒரு பனியன் பல கைகள் மாறுகிறது. போகிற வழியில் ஒருவர் கழுத்திலும், இன்னொருவர் மணிக்கட்டிலும், வேறொருவர் இடுப்பிலும் வலியை விட்டுவிட்டுப் போகிறது. அந்த வலிக்கு பிசியோதெரபி என்ன செய்யும், அது செய்வதற்கு இந்த ஊர் எதைக் கொடுக்க வேண்டும் என்று கேட்கவே இந்தப் பனியனின் பின்னால் நடக்கிறேன்.

1925 வாக்கில் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்தான் இங்கே முதல் பனியன் கம்பெனி என்பது ஊர் அறிந்த வரலாறு. அரை நூற்றாண்டுக் காலம் உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் போட்டுக்கொண்டிருந்த ஊருக்கு, 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி டி-ஷர்ட் தேடி வந்தார். அதன் பிறகு ஊரின் வேகமே மாறியது. 2024-25-இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆட்கள். ஒருவர் ஒரே அசைவைத்தான் நாள் முழுக்கச் செய்கிறார். வலியின் வேர் அங்கே இருக்கிறது.

நிட்டிங்கிலும் சாயத்திலும் இருப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் போகின்றன. தலைக்கு மேலே கை தூக்கிக் கோன் மாற்றுவதும், ஈரத்தில் இரண்டு பங்கு கனக்கும் துணியை வண்டியில் இழுத்துப் போடுவதும் அவர்கள் வேலை. அதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். நின்று பார்க்க வேண்டிய இடம் கட்டிங் டேபிள்.

இங்கே துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கர் தாளை வைத்து, மின்கத்தியால் வெட்டுகிறார்கள். கத்தி மேலும் கீழும் ஆடுகிற வேகத்தில் அலகு கண்ணுக்குத் தெரியாது. வலக்கை கத்தியைத் தள்ளிக்கொண்டு போக, இடக்கை துணி நகராமல் அழுத்தியபடி அதற்கு முன்னால் போகிறது. இந்த இடக்கைக்காகத்தான் இரும்பு வளையங்கள் கோத்த கையுறை இருக்கிறது. அதைப் போட்டால் துணி பிடிபடுவதில்லை, வேலை ஓடுவதில்லை என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு. கை ஒரு நொடி தவறினால் விரலின் உள்பக்கத்துத் தசைநாண் அறுகிறது.

விரலை மடக்கும் அந்த நாண் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகிறது. ஒருகாலத்தில் அந்த இடத்தில் அறுந்தால் உடனே தைக்கவே மருத்துவர்கள் தயங்கினார்கள். தைத்தால் நாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும், விரல் மடங்காமல் கட்டையாக நின்றுவிடும். இன்று தைக்கிறார்கள். மருத்துவர் ஜே.ஜி. சண்முகநாதன் 1978-இல் கோவையில் தொடங்கிய கங்கா மருத்துவமனை, கை அறுவை சிகிச்சைக்கு உலக அளவில் பெயர் பெற்றது. திருப்பூரிலிருந்து அங்கே 50 கிலோமீட்டர்தான். ஆனால் தைப்பது பாதி வேலை. மீதிப் பாதி மறுநாளோ அதற்கடுத்த சில நாட்களிலோ பிசியோதெரபி அறையில் தொடங்குகிறது.

அங்கே நடப்பது நூலிழை மேல் நடக்கிற காரியம். தையல் போட்ட நாண் முதல் சில வாரங்களில் மிகப் பலவீனமாக இருக்கும். பலமாக அசைத்தால் அறுந்துபோகும். அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். அதனால் கையின் பின்புறம் ஒரு ஸ்பிளிண்ட் போட்டு, விரல் முழுதாக நீளாதபடி தடுத்துவிடுகிறார்கள். அதற்குள்ளேயே, நல்ல கையால் அடிபட்ட விரலை மெல்ல மடக்கி, ஸ்பிளிண்டைத் தொடும் வரை மட்டும் நீட்ட வேண்டும். ஒரு சில தடவை செய்துவிட்டு ஓய்வு, மறுபடி அடுத்த மணி நேரத்தில் அதே பயிற்சி. நாண் உறைக்குள் சில மில்லிமீட்டர் வழுக்கிப் போய் வந்தாலே போதும், ஒட்டாது. ஐந்தாறு வாரத்தில் ஸ்பிளிண்ட் கழலும். பாரம் தூக்கவும் பழைய பலத்தோடு பிடிக்கவும் சுமார் மூன்று மாதம் ஆகும்.

ஆர்டர் உறுதியாகிக் கன்டெய்னர் ஏறும் வரை ஒரு பனியனுக்குக் கிடைக்கும் காலமும் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம்தான். பனியனுக்கு அந்தக் காலத்தை ஊரே சேர்ந்து பாதுகாக்கிறது. விரலுக்கு அதே காலத்தைப் பாதுகாக்க ஆளில்லை. மூன்றாவது வாரத்தில் வலி குறைந்ததும், வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் நினைவுக்கு வந்து, ஸ்பிளிண்டைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போகிறவரைத் தடுக்க பிசியோதெரபிஸ்டால் முடிவதில்லை.

கையைத் திரும்ப வேலைக்குப் பழக்கும் கலை நம் மண்ணிலும் வளர்ந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1940-களின் கடைசியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களுக்குத் தசைநாணை இடம் மாற்றித் தைத்தார். வேறொரு வேலை செய்துகொண்டிருந்த தசை இப்போது விரலை நீட்ட வேண்டும். அதை மூளைக்குக் கற்றுக்கொடுக்க அறுவைக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அறுவைகள் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்று ஒரு துறையை நடத்தினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. வெட்டுண்ட விரலோடு கோவைக்கு ஓடும் ஒவ்வொரு கட்டிங் மாஸ்டருக்கும் இவர்களிடம் ஒரு கடன் உண்டு.

வெட்டிய துண்டுகள் கட்டாகக் கட்டப்பட்டு, தையல் நடக்கும் பவர் டேபிளுக்கு வருகின்றன. இங்கே ரத்தம் இல்லை. ஊசி ஏறினால் ஒரு பிளாஸ்டரோடு போய்விடும். இங்கிருக்கும் வலிக்குத் தேதி கிடையாது, விபத்துப் பதிவும் கிடையாது.

ஓவர்லாக் டெய்லர் ஒருவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சாய்மானம் இல்லாத ஸ்டூல், அதன் மேல் மடித்துப் போட்ட துணி. ஊசி முனையைப் பார்த்துத் தலை முன்னால் கவிழ்ந்திருக்கிறது. இரண்டு முழங்கையும் ஒன்றின் மேலும் ஊன்றாமல் அந்தரத்தில் நிற்கின்றன. தோள் சற்றே மேலே தூக்கியபடி இருக்கிறது. அவருக்கே அது தெரியாது. வலது கால் பெடலில். உதவிக்கு நிற்கும் கைமடி எடுத்து வைக்கும் துண்டை இழுத்து, விளிம்பு சேர்த்து, ஓட்டி, தள்ளிவிட்டு அடுத்தது. கை ஓயாமல் ஓடுகிறது, கழுத்தும் தோளும் இடுப்பும் அசையாமல் இருக்கின்றன. சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரை. பீஸ் ரேட்காரர் டீக்கு எழுவதையும் கணக்குப் பார்த்துத்தான் எழுவார்.

நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையைக் கவிழ்ந்த நிலையில் பிடித்துக்கொண்டே இருக்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. தசை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் உள்ளே வந்து போகும். முதலில் சாயங்காலத் தோள்வலி. பிறகு காலையிலேயே வலி. ராத்திரி கை மரத்து, உதறிக்கொண்டு எழுவது. மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரை, வெறும் வயிற்றில். வாரக்கணக்கில் இப்படி விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். அதற்கும் சரிவராதபோது இடுப்புக்கு ஒரு பெல்ட், ஜவ்வு விலகிவிட்டது என்ற பயம், கடைசியில் கரண்ட் வைக்க ஒரு கிளினிக்.

கரண்ட் வைப்பதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசல் இருக்கிறது, தொடுதலும் தேய்த்தலும் போய்ச் சேர்ந்தால் அந்த வாசல் ஓரளவு அடைபடும் என்பது அது. இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்ப்பதும் இதற்காகத்தான். கரண்ட் வைக்கும்போதும் அதே வாசல்தான் கொஞ்ச நேரம் அடைபடுகிறது. வலி தணிந்த அந்த இடைவெளியில் உடம்பை அசைக்கப் பழக்க வேண்டும். படுக்க வைத்து மெஷினை மாட்டிவிட்டு, பத்து நாள் பணம் வாங்கிக்கொண்டு, ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தராமல் அனுப்புவது சிகிச்சை ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைத்தது. இடுப்புப் பெல்ட்டையும் இழுவை சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக அந்த நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

பயிற்சி என்றால் ஜிம் என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி உள்ள 198 அலுவலக ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2011-இல் வெளியானது. ஒரு பிரிவினர் ரப்பர் டியூபைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்கினார்கள். நாளுக்கு 2 நிமிடம், வாரம் ஐந்து நாள், 10 வாரம். வலி குறிப்பிடும்படி குறைந்தது. 12 நிமிடம் செய்தவர்களுக்கும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அலுவலகக்காரர் உடம்பும் டெய்லர் உடம்பும் படும் பாடு ஒன்றல்ல, ஆனாலும் வலிப்பது அதே தோள் தசைதான். எலாஸ்டிக் தயாரிக்கும் ஊருக்கு ஒரு ரப்பர் டியூப் கிடைக்காமல் போகாது. அதோடு தாடையைப் பின்னால் இழுத்துக் கழுத்தை நேராக்குவது, தோள்பட்டைகளைப் பின்புறம் சேர்த்துப் பிடிப்பது, எழுந்து இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைவது. ஸ்டூல் பக்கத்திலேயே நின்று செய்துவிடலாம்.

தைத்த பனியன் செக்கிங்குக்குப் போகிறது. பெரும்பாலும் பெண்கள். பிசிறு வெட்டும் சின்னக் கத்திரியை நாள் முழுக்க அழுத்தியதில் கட்டைவிரல் அடியில் வலி வரும். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சுரீரென்று இழுக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் கட்டைவிரலுக்கு ஸ்பிளிண்டும் ஓய்வும் படிப்படியான பயிற்சியும் போதும். அயர்னிங்காரருக்குக் குதிகால், முழங்கால், அயர்ன் பாக்ஸ் பிடிக்கும் தோள். நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவே சொன்னது. ஸ்டூல் வந்து சேரவில்லை.

பிறகு அட்டைப்பெட்டி, கன்டெய்னர், தூத்துக்குடித் துறைமுகம். பனியன் போய்விட்டது. "சிப்மெண்ட் போகட்டுங்க, அப்பறம் பார்த்துக்கலாங்க" என்று தள்ளிப்போட்ட வலி இங்கேயே இருக்கிறது, அடுத்த ஆர்டரின் நூல் மூட்டையும் வந்துவிட்டது.

வலியோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனி ஈ.எஸ்.ஐ. கட்டினால், வேலையில் பட்ட காயத்துக்காக டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுக்கும் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். மற்ற நோய்க்கு 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. விரலுக்கு வேண்டிய மூன்று மாதம் ஈ.எஸ்.ஐ. கார்டில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்புவலியோடு காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ பயிற்சிக்குக் காத்திராமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

காண்ட்ராக்டில் ஓடுபவர்களுக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர்களுக்கும் அந்தக் கார்டு பல இடங்களில் இல்லை. இருந்தாலும் அரசு பிசியோதெரபிப் பிரிவுகள் வேலை செய்வது பகலில், இவர்கள் வெளியே வருவது இரவில். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டை அனுப்பிக் காட்டியது. வீட்டுத் திண்ணை வரை போக முடிந்தவரால் பவர் டேபிள் வரை போக முடியும். பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகள் சேர்ந்து ஒருவரை வாரம் ஒரு நாள் வரவழைக்கட்டும். ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் பிசியோதெரபி இரவு 9 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் நடக்க வேண்டும் என்று சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக ஐந்து நிமிட இடைவேளையை, கூலியில் பிடிக்காமல், முதலாளிகள் இந்த மாதமே கொடுக்கலாம். அதற்கு எந்த பையரின் அனுமதியும் தேவையில்லை.