கியாரா குன்றின் பால்மரங்கள்

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டியுள்ள கியாரா குன்றில் காலை நடை செல்வோர் பலர். அங்குள்ள மரங்களில் பல பால்மரங்கள் என்பதைக் கவனிப்போர் சிலரே. ரப்பர்க் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றித் தோழனை அலறவிட்ட தலைமுறைக்கு மட்டும் அறிமுகம் தேவையில்லை!

அக்குன்று முன்பு ரப்பர்த் தோட்டம். 1980களின் தொடக்கத்தில் அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது. ஒரு பகுதி கோல்ஃப் திடலுக்கும் குதிரையேற்றத்துக்கும் போயிற்று. எஞ்சியது மெல்லக் காடாயிற்று. பால் வெட்டிய ஏறக்குறைய நூறு குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள், அடிவாரத்தில் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியேற்றப்பட்டனர். நிரந்தர வீடு பின்னர் கிடைக்கும் என்பது வாக்குறுதி.

இன்று அக்காட்டில் நடக்க முடிகிறதென்றால் அதற்குத் தொண்டர்களின் உழைப்பே பெருங்காரணம். அடைமழையில் நீர் பாதை வழியே ஓடினால் மண் அரித்துப் பள்ளமாகிவிடும். ஆதலால் மண்வெட்டியுடன் வந்து, நீர் பக்கவாட்டில் வழிந்தோடக் கால் வெட்டுகிறார்கள். விழுந்த மரங்களை அறுத்து அகற்றுகிறார்கள். கூலியில்லா வேலை. அன்று பால்வாளி சுமந்தவர்கள் நடந்த அதே மண்!

அடிவாரத்திலுள்ள ரிம்பா கியாரா பூங்கா சுமார் 25 ஏக்கர். அதில் 12 ஏக்கரில் எட்டு உயர்ந்த அடுக்குமாடிகளும், நீண்ட வீட்டு மக்களுக்காக 29 மாடிக் கட்டடம் ஒன்றும் எழுப்ப 2017இல் மாநகர் மன்றம் அனுமதி அளித்தது. குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி. 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றமும் அவ்வனுமதி செல்லாது என்றே உறுதிப்படுத்தியது.

பூங்கா பிழைத்தது, மகிழ்ச்சியே. ஆனால் தோட்டப் பாட்டாளிகளின் வீடும் அதே திட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததே! நீண்ட வீடுகள் நிற்கும் நிலத்திலேயே அவர்களுக்குக் கட்டித் தருக என்று குடியிருப்பாளர் தரப்பும் கேட்டது. அது நியாயமான கோரிக்கை என்பதே என் கருத்து. பூங்காவா, வீடா என்று ஏழைகளையும் மரங்களையும் மோதவிட்டது திட்டம் தீட்டியவர்களின் பிழை.

தீர்ப்பு வந்த நாளிலும் அக்குடும்பங்கள் அதே தற்காலிக வீடுகளில்தான் இருந்தன. குடியேறி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.